தோட்டத்துக் கதையை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக் கதை ஒன்றை வாசித்துக் காட்டினால், கதை நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். "மழ பேஞ்ச காலையில அவ எப்படி மரம் வெட்டுனா?" என்று, நனைந்த மரத்தில் பால் வெட்ட முடியாது என்பது தெரிந்த ஒருவரின் குரல் பின்வரிசையிலிருந்து வரும். அது வந்துவிட்டால் கதையின் சோகம், கோபம், கடைசித் திருப்பம் எதுவும் எடுபடாது. அந்தக் குரலுக்கு இடம் வைக்காமல் எழுதும் வழிகளை இங்கே சொல்கிறோம். ரப்பர், செம்பனைத் தோட்டங்களைக் களமாக வைத்துப் போட்டிக்கோ இதழுக்கோ எழுதுகிறவர்களுக்கு இது உதவும். மேடை நாடகம் எழுதுகிறவர்களும் பெரும்பாலானதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சொல் பிறந்த இடம்

உண்மை போலத் தோன்றும் தன்மைக்கு ஆங்கில விமர்சகர்கள் 'வெரிசிமிலிட்யூட்' என்று ஒரு கனத்த சொல் வைத்திருக்கிறார்கள். நாம் மெய்போன்மை என்று வைத்துக்கொள்வோம். லத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையானது, 'சிமிலிஸ்' என்றால் போன்றது. இரண்டும் சேர்ந்து 'வேரிசிமிலிட்டூடோ' ஆனது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

எழுதுகிறவனுக்குப் பயன்படுவது அந்தச் சொல் புழங்கிய இடம்தான். அது நீதிமன்றம். வழக்கில் நடந்ததை எடுத்துரைக்கும் பகுதி தெளிவாக, சுருக்கமாக, மெய்போல இருக்க வேண்டும் என்று ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன் முதல் நூற்றாண்டில் சொன்னார். அவருக்கு முன்பே சிசரோ அதைக் கேள்விகளாகப் பிரித்துவிட்டார். இந்த ஆள் இப்படிச் செய்யக்கூடியவரா? செய்ய என்ன காரணம்? செய்ய வாய்ப்பு இருந்ததா? நேரம் போதுமா? இடம் கொள்ளுமா? நீதிபதி நடந்ததைப் பார்த்ததில்லை. சொல்வதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை வைத்துத்தான் நம்புவார். கதை வாசகரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தொல்காப்பியம் அகத்திணையைப் பேசும்போது "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சுவையானவை எல்லாம் ஓரிடத்தில் வந்ததாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்பது உரையாசிரியர் விளக்கம். ஆகவே கதையில் தொகுப்பும் கூட்டலும் தவறில்லை. உலகியல் வழக்கு கீழே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே வருவது முழுக்க அந்தத் தாங்குதலைப் பற்றியது.

எழுதும் முன் ஒரு தாள்

கதையின் முதல் வரியை எழுதும் முன் ஒரு தாளில் ஆண்டு, மாதம், கிழமை, நிலவு, மழை, மரம் ஆகியவற்றை எழுதுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் வரும் பிழைகள்தான் அதிகம்.

ஆண்டு தெரியாமல் 'அந்தக் காலத்தில்' என்று எழுதுவது கூடவே கூடாது. தோட்ட வாழ்க்கை பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. 1938இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் கங்காணி ஊருக்குப் போய்ப் புது ஆட்களைத் திரட்டி வர முடியாது. தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. 1978இல் ஒரு பாட்டியை அதில் ஏற்றிவிடாதீர்கள். அடையாள அட்டை 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலத்தோடு வந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் கடைசியில்தான் தொடங்கியது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் வீடிழந்த குடும்பத்தைப் பற்றிய கதை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிற்கும். தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டும் காட்சி 1960க்குப் பிறகே வர முடியும்.

மாதம் மழையைச் சொல்லும், மரத்தைச் சொல்லும். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் பட்டையில் பரவி மழைநீரோடு வழிந்து வீணாகும். வெட்டு இல்லாத நாளில் வருமானம் குறையும். அதாவது தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டிய நேரத்தில்தான் சம்பளம் இளைக்கும். இந்த ஒரு பொருத்தத்தைத் தெரிந்துகொண்டாலே ஒரு கதைக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிடுகிறது. வில்லன் கிராணி (தோட்டக் கணக்கர்) தேவையில்லை.

பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி ரப்பர் மரம் இலை உதிர்க்கும். மொட்டைக் காட்டில் வெயில் தரைவரை இறங்கும், துளிர் செம்பு நிறத்தில் வரும், பால் குறையும். மார்ச் மாதக் கதையில் 'இருண்ட அடர்ந்த ரப்பர்க் காடு' வந்தால் தோட்டத்தில் வளர்ந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். காய் வெடித்து விதை சிதறும் சத்தம் ஆண்டின் பிற்பாதிக்கு உரியது.

நிலவைச் சரிபார்ப்பது மிக எளிது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். அன்றிரவு நிலா கிடையாது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். காவடி கட்டும் இரவில் கும்மிருட்டு கிடையாது.

கிழமையில் ஒரு கண்ணி உண்டு. கெடா மாநிலத்தில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். கூலிம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போகும். பேராக்கில் அதே நாளில் வீட்டில் இருக்கும்.

கடிகாரம்

இது தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அனுபவப்பட்டவர்களே இதில் தவறுகிறார்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. இன்று சுங்கை சிப்புட்டில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் உதிக்கிறது. 1970இல் அதே உதயம் ஆறரையிலிருந்து ஏழுக்குள். ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம் வைத்தார்கள். அப்போது ஏறக்குறைய எட்டு மணியிலிருந்து எட்டரைக்குள்தான் சூரியன் உதித்தது. 1943இல் நடக்கும் கதையில் 'காலை ஆறு மணி, கிழக்கு வெளுத்தது' என்று எழுதினால், அது உண்மையில் சூரியன் உதிக்க இரண்டு மணி நேரத்துக்கு முந்திய இருட்டு. இன்றைய விடியலை வைத்துப் பழைய கதைக்கு மணி போடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் மணியை விட்டுவிட்டு 'பெரட்டு மணி அடித்ததும்' (பெரட்டு: காலையில் பெயர் கூப்பிடும் கூட்டம்) என்று எழுதுங்கள். அது எந்த ஆண்டிலும் பொய்யாகாது.

கை வேலை

தோட்டக் கதையில் வாசகர் கூர்ந்து பார்ப்பது கையைத்தான். மரம் வெட்டுவது என்றால் தோட்டத்தில் பால் வெட்டுவது. மரத்தைச் சாய்ப்பது இல்லை. தமிழ்நாட்டு இதழுக்கு எழுதும்போது இதை விளக்க அடிக்குறிப்பு வேண்டாம், முதல் காட்சியிலேயே மங்கும் (பால் சொட்டும் கோப்பை) பாலும் வந்துவிட்டால் போதும்.

வரிசை இதுதான். பெரட்டு முடிந்து இருட்டிலேயே நிரைக்கு, அதாவது தமக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போவார்கள். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் அந்த அவசரம். தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவத்திச் சுருள். மரத்தை அடைந்ததும் முதலில் முந்திய வெட்டில் காய்ந்துபோன கோட்டுப்பாலை இழுத்து எடுக்க வேண்டும். அது நாடாவாய்க் கையோடு வரும். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும் எடுத்துப் பையில் போட வேண்டும். பிறகு உளி. வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகை சாய்வில், மரத்தைப் பாதி சுற்றி இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால் இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அதற்கு மேல் உளி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மண்டோர் (மேற்பார்வையாளர்) கத்துவார். 'ஓங்கி வெட்டினாள்' என்ற ஒரு வினைச்சொல் போதும், எழுதியவர் உளியைத் தொட்டதில்லை என்று காட்டிக்கொடுக்க. சீவினாள், இழுத்தாள், இறக்கினாள் என்பவை பொருந்தும்.

வெட்டியதும் பால் கொட்டாது. கோட்டில் முத்து முத்தாய்த் திரண்டு, ஒன்று சேர்ந்து, தகரத் தூம்பு வழியாக மங்கில் சொட்டும். இரண்டு மூன்று மணி நேரம் சொட்டிய பிறகும் ஒரு மரத்தில் நூறு, நூற்றைம்பது மில்லி இருந்தால் நல்ல மரம். வெட்டி முடித்துப் பசியாறிவிட்டு, பத்து மணிக்கு மேல் காண்டா வாளியோடு திரும்ப அதே நிரையைச் சுற்றிப் பாலெடுக்க வேண்டும். பிறகு ஸ்டோரில் நிறுவை. எடை மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர் கலந்திருக்கிறதா, எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மெட்ரோலாக் என்ற அளவுமானியை மிதக்கவிட்டும் பார்ப்பார்கள். கிராணி ஏமாற்றும் காட்சி எழுத வேண்டுமானால் ஏமாற்று இந்த இடத்தில் நடக்கட்டும்: தராசில், மெட்ரோலாக் வாசிப்பில், பேரேட்டில். 'கிராணி கூலியைக் குறைத்துக் கொடுத்தார்' என்று பொதுவாக எழுதினால் அவர் எப்படிக் குறைத்தார் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும்.

இப்போது சிசரோவின் நான்காவது கேள்வி, நேரம் போதுமா? ஒரு நிரையில் 450 மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்தில் வெட்டி முடிக்க வேண்டுமானால் நடையும் சேர்த்து ஒரு மரத்துக்கு 32 நொடி. ஐந்து நிமிடம் நின்று பேசினால் ஒன்பது மரம் போச்சு. ஆகவே இரண்டு பெண்கள் நிரையில் நின்று அரைமணி நேரம் குடும்பக் கதை பேசும் காட்சி நடக்காது. பேச்சு மரத்துக்கு மரம் துண்டு துண்டாக, பக்கத்து நிரைக்குக் கேட்கும்படி கத்திச் சொல்வதாக இருக்கும். நீண்ட பேச்சு வேண்டுமென்றால் பசியாறும் நேரத்துக்கோ நிறுவைக்குக் காத்திருக்கும் வரிசைக்கோ தள்ளுங்கள். இந்தக் கட்டுப்பாடு எழுத்தாளனுக்கு நல்லது. பாதிச் சொல்லில் நிற்கும் பேச்சு எப்போதும் முழுப்பேச்சைவிட அதிகம் சொல்லும்.

செம்பனைக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை, ஆனால் அதை ரப்பரைப் போல எழுதக் கூடாது. விடியலுக்கு முந்தைய அவசரம் இங்கே இல்லை. பத்திலிருந்து பதினான்கு நாளுக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்பி வருவார்கள். உதிரிப் பழம் தரையில் கிடந்தால் குலை முற்றியிருக்கிறது என்று அர்த்தம். குட்டை மரத்துக்கு உளி, நெட்டை மரத்துக்கு நீண்ட அலுமினியக் கழியில் கட்டிய அரிவாள். குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், நேராகத் தலைக்கு மேலிருந்து விழும். அதனால் வெட்டுகிறவர் அடிமரத்தில் நிற்க மாட்டார். அறுத்த குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் புளிப்பு ஏறும். லோரி வராத நாள் என்பது செம்பனைக் கதையில் உண்மையான நெருக்கடி. இன்னொன்று: இன்றைய செம்பனைத் தோட்டத்து வேலையாட்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் அதிகம். 2020களில் நடக்கும் கதையில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்தால் அது ஆசை; கதையாகாது.

காசும் எடையும்

தமிழர் வாயில் வெள்ளியும் காசும்தான். ரிங்கிட் அதிகாரப் பெயரானது 1975இல். அதற்கு முன்னும் பின்னும் லயத்தில் 'அஞ்சு வெள்ளி' என்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். உரையாடலில் ரிங்கிட் வேண்டாம். வங்கிக் கடிதத்தில் இருக்கட்டும். ஜப்பானியர் காலத்துப் பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் இருந்தது; வாழைமர நோட்டு என்ற பேச்சு அதிலிருந்து வந்தது.

எடை எழுபதுகளில் மெட்ரிக்குக்கு மாறியது. அதற்கு முன் கடையில் கட்டி, ஏறக்குறைய 605 கிராம். நூறு கட்டி ஒரு பிக்குல். ஆங்கிலேயக் கம்பெனித் தோட்டத்து ஸ்டோரில் ராத்தல், அதாவது பவுண்டு. தூரம் கட்டைக் கணக்கில்: ஆறாங்கட்டைத் தோட்டம் என்றால் பட்டணத்திலிருந்து ஆறாவது மைல்.

சம்பளம் கூட்டிப் பாருங்கள். இன்றைய கதையில் ஒரு தொழிலாளிக்கு மாதம் 900 வெள்ளி என்று எழுதினால் அது 2013இல் தீபகற்பத்துக்கு வைத்த குறைந்தபட்சச் சம்பளம்; 2025இலிருந்து அது 1,700. ஐம்பதுகளில் நாட்கூலி சில வெள்ளிகள்தான். ஒரே சம்பளத்தில் சைக்கிளும் சங்கிலியும் வாங்கும் நாயகனை வாசகர் சந்தேகிப்பார்.

யார் யாரிடம் எப்படிப் பேசுவார்

பேச்சில் தவறு இரண்டு விதமாக வரும். ஒன்று, எல்லாரும் வானொலிச் செய்தி போலப் பேசுவது. மற்றது, எல்லாரும் தமிழ்நாட்டுச் சினிமா போலப் பேசுவது. இரண்டாவது இப்போது அதிகம். மதுரைப் பேச்சை லயத்து வாசலில் வைத்தால் சுங்கை சிப்புட் காது உடனே எறிந்துவிடும்.

சொற்களை அளந்து போடுங்கள். சடக்கு (சாலை), காடி (வண்டி), பசியாறு (சாப்பிடு), கித்தா (ரப்பர்), ரோத்தான் (பிரம்பு), தவுக்கே (சீன முதலாளி). பக்கத்துக்கு இரண்டு மூன்று வந்தால் இடம் தானாகத் தெரியும். வரிக்கு ஒன்று வந்தால் கண்காட்சி ஆகிவிடும். விளக்கம் எழுதாதீர்கள். "தவுக்கே, இனி பெராப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கருவாட்டைத் தூக்கிப் பார்த்தாள் என்றால், கேட்டது விலை என்று எவருக்கும் புரியும்.

மரியாதையில் ஏணி உண்டு. தோட்ட மேலாளரான துரையிடம் நேரில் பேசுகிறவர் குறைவு. பெரும்பாலும் கிராணி வழியாக, 'தொர கூப்புடுறாரு' என்ற செய்தியாகத்தான் அவர் கதைக்குள் வருவார். கிராணி பல தோட்டங்களில் யாழ்ப்பாணத் தமிழர் அல்லது மலையாளி. அவர் பேச்சு லயத்துப் பேச்சிலிருந்து விலகித் தெரிய வேண்டும், கேலியாக இல்லாமல். மண்டோர் நடுவில் இருப்பவர்: மேலே பணிவு, கீழே அதட்டல், ஆனால் அதே லயத்தில் மாமா, சித்தப்பா உறவு. அதனால் ஒரே நாளில் இரண்டு விதமாக அழைக்கப்படுவார்.

பெரட்டுக் களத்தில்:

"மண்டோரய்யா, எம்பேரு கூப்புடல."

"நேத்து எங்க போன? நிர காலியா கெடந்துச்சு."

மாலை, அதே ஆள் வீட்டு வாசலில்:

"மாமா, பசியாறிட்டீங்களா?"

"ம். புள்ளைக்குக் காய்ச்ச எறங்கிருச்சா?"

இரண்டு வரிக்கு இரண்டு வரி. உறவு, அதிகாரம், வராமல் போன காரணம் மூன்றும் வந்துவிட்டன. 'அவர் கண்டிப்பானவர் என்றாலும் நல்ல மனம் படைத்தவர்' என்று மேலே ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அதை அடித்துவிடலாம்.

"உண்மையாவே நடந்தது"

நம்ப முடியவில்லை என்று சொன்னால் எழுதியவர் சொல்லும் முதல் மறுமொழி இது. செல்லாது. நடக்கக்கூடியதானாலும் நம்ப முடியாததைவிட, நடக்கவே முடியாததானாலும் நம்பத் தகுந்ததை எடுத்துக்கொள் என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்லிவிட்டார். முனியாண்டி சாமி இரவில் குதிரையேறி லயத்தைச் சுற்றி வருவதைத் தோட்டத்து வாசகர் கண் சிமிட்டாமல் ஏற்பார். குளம்புச் சத்தமும் நாய்கள் அடங்கியதும் சரியாக இருந்தால் போதும். ஆனால் முப்பது ஆண்டு முன் பிரிந்த அண்ணன், தங்கை கல்யாணத்தன்று சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஏற்க மாட்டார், அது எழுதியவரின் சொந்தக் குடும்பத்தில் நடந்திருந்தாலும்.

தற்செயலைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அது நாயகனுக்கு இடைஞ்சல் செய்யட்டும். சிக்கலைத் தொடங்கும் தற்செயலை வாசகர் மன்னிப்பார். சிக்கலைத் தீர்க்கும் தற்செயலை மன்னிப்பதில்லை. அண்ணன் கதையின் முதல் பக்கத்தில் இறங்கட்டும், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, கடனோடு.

கெட்டுப்போன பத்தி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

"1952. தீபாவளிக்கு முந்திய நாள். முழு நிலவின் வெளிச்சத்தில், நான்கு மணிக்கே முனியம்மா தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குக் கிளம்பினாள். கத்தியால் ஓங்கி வெட்டினாள். பால் குபுகுபுவெனப் பொங்கி மங்கு நிறைந்தது. ராக்காயி அவளோடு அரைமணி நேரம் பேசினாள். மாலையில் முப்பது கிலோ பாலுக்கு இருபது ரிங்கிட் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்."

நிலா, கத்தி, மங்கு, அரட்டை, கிலோ, ரிங்கிட் பற்றி மேலே சொல்லியாயிற்று. இருபது என்ற தொகை ஒரு நாள் கூலிக்கு எட்டாதது. கூலியும் அன்றன்று கைக்கு வராது, சம்பள நாளில்தான். மீதமிருப்பது 1952. அவசரகாலம். சுங்கை சிப்புட் பக்கத்தில் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அது அறிவிக்கப்பட்டது, 1960வரை நீடித்தது. உணவுக் கட்டுப்பாடு போட்ட பகுதிகளில் லயத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. ஊரடங்கு நீங்கி வாசல் திறந்த பிறகே வெளியே போகலாம். காட்டிலிருக்கும் கிளர்ச்சியாளர்களுக்குப் போய்ச் சேரும் என்று சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். நான்கு மணியும் தூக்குச்சட்டியும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

திருத்தினால் இப்படி வரலாம்:

"வேலி வாசல் திறக்கும்போதே கிழக்கு வெளுத்திருந்தது. பால் ஓடும் நேரத்தில் பாதி போய்விட்டது. முனியம்மா சும்மாட்டுத் துணியை உதறிக் காட்டினாள். வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். மடியில் கைவிட்ட காவல்காரி அரை வெற்றிலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். முதல் மரத்தில் கோட்டுப்பால் ஈரமாக வந்தது. மேலே பார்த்தாள். மழை வருமா என்று பக்கத்து நிரைக்காரியைக் கேட்க வாயெடுத்தவள், அடுத்த மரத்துக்குப் போனாள்."

எந்த ஆண்டு என்று எழுதவில்லை. வேலி அதைச் சொல்கிறது. பசி என்ற சொல்லும் இல்லை.

எவ்வளவு போதும்

இவ்வளவையும் படித்தவர் அடுத்து செய்யும் தவறு, தெரிந்ததை எல்லாம் கொட்டுவது. மெட்ரோலாக், 30 பாகை, பால்குழாய் எல்லாம் கதையில் வர வேண்டியதில்லை. அவை தவறாக எழுதாமல் இருக்கத்தான். ஆயிரத்தைந்நூறு சொல் கதைக்கு மூன்று நான்கு காட்சி இருக்கும். காட்சிக்கு ஒரே ஒரு பொருளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: விரலிடுக்கில் காய்ந்து கறுத்த பால், நிறுவைச் சீட்டில் அடித்துத் திருத்திய எண். மற்றவை தூரத்திலேயே நிற்கட்டும். கதாபாத்திரத்துக்குத் தினமும் பழகிய பொருளை அவள் வியந்து பார்க்க மாட்டாள் என்பதையும் கவனியுங்கள். உளியை வர்ணிக்கும் உரிமை முதல் நாள் வேலைக்கு வந்தவளுக்கு உண்டு, இருபதாண்டு வெட்டியவளுக்கு அது முனை மழுங்கும்போது மட்டும்தான் கண்ணில் படும். சரியான விவரம் தவறான கண் வழியாக வந்தாலும் கதை பொய்யாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

வாசனையை மறக்காதீர்கள், ஆனால் அளவோடு. ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் சாக்கடையும் கட்டிப்பால் மூட்டையும் அடிக்கும் நாற்றம் தோட்டத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பட்டணத்துப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தைத் திருப்பும்போதுதான் தெரியும். அந்த இடத்தில் எழுதுங்கள்.

சரிபார்ப்பு

முதல் படியை முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்த வேலையைச் செய்தவர். மற்றவர் தோட்டத்தைப் பார்த்தே இராதவர். முதலாமவருக்கு வாசிக்கப் பொழுதில்லை என்றால் நீங்களே சத்தமாக வாசியுங்கள், அவர் டீ குடித்துக்கொண்டு கேட்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். எந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். அவர் சிரித்த இடம் கை வேலைப் பிழை. அடுத்தவரிடம் எந்த இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தீர்கள் என்று கேளுங்கள். அங்கே விவரம் அதிகம், அல்லது ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது.

இருவரும் ஒரே வரியைக் காட்டினால் அதைத் திருத்தி நேரம் போக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். முதலாமவர் மட்டும் காட்டினால் வினைச்சொல்லை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாமவர் மட்டும் காட்டினால், அந்த வரிக்கு முந்திய காட்சியில் ஒரு சின்னச் செயலைச் சேருங்கள். அவர் திரும்பிப் போய்த் தேடியது அங்கே இருக்கட்டும். பிறகு முதல் தாளை எடுத்து, ஆண்டிலிருந்து நிலவு வரை ஒவ்வொன்றாக ஒருமுறை ஒத்துப்பார்த்துவிட்டு அனுப்புங்கள்.